எல் போர்டுக்குப் பின்னால்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவரின் ஒரே மகள். அந்த ஸ்கூலிலேயே சாலை விதிகளும் சின்னங்களும் சொல்லித் தருகிறவள். ஆனால் உண்மை அதுதான், மேடம். ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை வியர்த்துவிடும். பின்னால் யாராவது ஹார்ன் அடித்தால் இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்கத் தோன்றும். அதனால் நான் ஓட்டுவதில்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆமாம், அந்த இன்ஜினை வைத்தது நான்தான். வேலையைச் செய்தது சித்தப்பாவின் கை. முடிவு என்னுடையது. அம்மாவுக்கு எதுவும் தெரியாது. இதை மட்டும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள். வருகிற திங்கட்கிழமை அம்மா புது வேலையில் சேர வேண்டும். லைசென்ஸ் ரத்தாகிவிட்டால் சேர முடியாது. அதனால்தான் நீங்கள் கூப்பிடுவதற்கு முன்பே நானே ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு வந்து இந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அம்மா மருத்துவமனையில் நர்ஸ். நடமாட முடியாத நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் பிரிவு ஒன்றைப் புதிதாகத் தொடங்கி, அதற்கு அம்மாவைத் தலைமை நர்ஸாகப் போட்டிருக்கிறார்கள். காரை மருத்துவமனை தரும், ஓட்டிக்கொண்டு போக வேண்டியது அவள். லைசென்ஸ் இல்லை என்றால் அந்த இடம் எக்ஸ்ரே பிரிவில் இருக்கும் இன்னொரு நர்ஸம்மாவுக்குப் போய்விடும். அந்த அம்மாவுக்கு லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் அவர் ஊசி போட்டால் நோயாளி கூரையைத் தொட்டுவிட்டு வருவார் என்று எங்கள் அம்மா சொல்வாள்.

அப்பாவைப் பற்றித் தப்பாக ஒன்றும் சொல்ல மாட்டேன். இத்தனை வருடத்தில் அவருடைய கார் யார் மீதும் இடித்ததில்லை. இடிக்கிற வேகத்தில் அது போனதில்லை. எங்கள் தெருவில் அவருக்கு 'ரெண்டாவது கியர்' என்று பெயர். அது அப்பாவின் காதுக்கும் வந்திருக்கிறது. பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

டிரைவிங் ஸ்கூல் கார் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாத்தியார் உட்காரும் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். ஆபத்து வந்தால் அழுத்துவதற்காக. அப்பாவுக்கு எல்லாமே ஆபத்துதான். நாய் ஆபத்து, வளைவு ஆபத்து, காற்றில் பறந்து வருகிற பிளாஸ்டிக் பை ஆபத்து. யாராவது மூன்றாவது கியரைத் தேடிக் கையை நகர்த்தினாலே அப்பாவின் கால் கிளட்சின் மேல் ஏறிவிடும். அவரிடம் படித்தவர்கள் கார் ஓட்டவில்லை, மேடம். அப்பா காலால் ஓட்டிய காரில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

விளைவு டெஸ்ட் அன்றைக்குத் தெரியும். அன்றைக்கு அப்பாவின் சீட்டில் பரிசோதகர் உட்காருவார். அவர் பெடலைத் தொட மாட்டார். மைதானத்து மேட்டில் பாதி ஏறி, நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கிளட்சோடு தனியாக விடப்பட்டவர் என்ன செய்வார்? கார் துள்ளி நிற்கும், இல்லையென்றால் பின்னால் உருளும். அம்மா எத்தனை தடவை தோற்றாள் என்பது உங்கள் ஆபீஸுக்குத் தெரியும். வீட்டில் நாங்கள் எண்ணுவதை நிறுத்திவிட்டோம்.

ஒவ்வொரு தடவையும் திரும்பி வரும்போது அப்பா ஆறுதல் சொல்வார்.

"உனக்கு வராதுன்னு நான்தான் அப்பவே சொன்னேன்ல. விடு. எந்த நோயாளி வீட்டுக்குப் போகணுமோ சொல்லு, நானே கொண்டு போய் விடறேன்."

"ஏங்க, நீங்க கொண்டு போய் விடறதுக்குள்ள அவங்களுக்குத் தானா குணமாயிடும்" என்பாள் அம்மா. ஆனால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொல்வாள். நான் பின் சீட்டில் இருப்பேன். கண்ணாடியில் அவள் முகம் தெரியும்.

அப்படி ஒரு நாள் திரும்பி வருகிற வழியில் பாலத்து ஏற்றத்தில் காரிலிருந்து புகை வந்தது. பிறந்ததிலிருந்து இரண்டாவது கியரிலேயே கத்திக்கொண்டிருந்த இன்ஜின். வெந்துபோய்விட்டது. அப்பா இறங்கித் தள்ளினார். முழங்காலில் ஏதோ சத்தம் கேட்டது. காரும் அப்பாவும் ஒரே நாளில் படுத்தார்கள்.

ஆபரேஷன் முடிந்து, காலை உயரத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தபோது அப்பா என்னைக் கூப்பிட்டுச் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"பாப்பா, சித்தப்பன்கிட்ட சொல்லு. அதே மாதிரி இன்ஜின் கெடச்சா போடட்டும். இல்லன்னா எது பொருந்துதோ அதப் போடட்டும். நான் எழுந்து வர்றப்ப வண்டி ரெடியா இருக்கணும்."

எது பொருந்துகிறதோ அதை. இது அப்பாவின் வார்த்தை. நான் சேர்த்ததில்லை.

சித்தப்பா, அப்பாவின் தம்பி. அண்ணன் மெதுவாகப் போய் மிச்சம் வைத்த வேகத்தையெல்லாம் இவர் செலவழித்துக்கொண்டிருக்கிறார். அவருடைய மெக்கானிக் பட்டறைக்குப் பின்னால் ஒரு பெரிய கார் நின்றிருந்தது. நின்றிருந்த காரைப் பின்னாலிருந்து லாரி இடித்ததாம். டிக்கி பின் சீட்டுக்கு வந்திருந்தது. முன்பக்கத்தில் கீறல்கூட இல்லை. பானட்டைத் திறந்தேன். இன்ஜின் புதிதாக, சுத்தமாக, யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் உட்கார்ந்திருந்தது.

"அத எதுக்குப் பாக்கற? அது டர்போ. உங்கப்பன் வண்டியில வெச்சா, இன்ஜின் வண்டிய இழுக்காது, தூக்கிட்டே போயிடும்" என்றார் சித்தப்பா.

"பொருந்தாதா சித்தப்பா?"

இந்தக் கேள்வியை ஒரு மெக்கானிக்கிடம் கேட்கக் கூடாது, மேடம். செய்யாதே என்று சொன்னால் விட்டுவிடுவார்கள். முடியாதோ என்று சந்தேகப்பட்டால் சாப்பாடு இறங்காது. சித்தப்பா டேப்பை எடுத்துக்கொண்டு வந்து அளந்தார். குனிந்து பார்த்தார். படுத்துப் பார்த்தார்.

"பொருந்தும். கொஞ்சம் வெட்டணும்."

"எதையெல்லாம்?"

"எத வெட்டக் கூடாதுன்னு கேளு. அதச் சொல்றது சுலபம்."

நான் இயற்பியல் படித்தவள். உணர்ச்சிவசப்பட்டு முடிவு எடுக்கவில்லை. விசை அதேதான், நிறை பாதியானால் முடுக்கம் இரண்டு மடங்கு. பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தருகிற விஷயம், யாரும் ரகசியமாக வைக்கவில்லை. எங்கள் கார் லேசு. ஒரு தடவை வாசலை மறைத்து நிறுத்திவிட்டோம் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து தூக்கி எதிர்ப்பக்கம் வைத்துவிட்டுப் போனார்கள். அவ்வளவு லேசான கார் ஒரு மேட்டில் ஏற முடியாமல் என் அம்மாவைத் திரும்பத் திரும்ப அவமானப்படுத்திக்கொண்டிருந்தது. தீர்வு கண்ணெதிரே இருந்தது.

டர்போ என்பது பெரிய மந்திரம் இல்லை. வீணாக வெளியே போகிற சூடான புகையை வைத்து ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழல விடுவார்கள். அது இன்ஜினுக்குள் கூடுதலாகக் காற்றைத் திணிக்கும். வீணாவதை வீணாக்காமல் இருப்பது. எனக்கு அது ஒழுக்கமான ஏற்பாடாகப் பட்டது. ஒரே ஒரு குணம் மட்டும் உண்டு. அந்தச் சக்கரம் வேகம் பிடிக்கக் கொஞ்சம் நேரமாகும். அழுத்தினால் முதலில் ஒன்றும் நடக்காது. அப்புறம் எல்லாம் நடக்கும்.

வெட்டினோம். கியர்பாக்ஸையும் பெரிய காரிலிருந்தே எடுத்துக்கொண்டோம். பிரேக்கையும். ஆமாம், முன் சக்கரத்துப் பிரேக்குகளை நான்தான் கேட்டு மாற்றச் சொன்னேன். நான் பொறுப்பில்லாதவள் இல்லை. காற்று உள்ளே போக முன்னால் ஒரு பெரிய ஓட்டை வேண்டியிருந்தது. அதை மறைக்க எல் போர்டை அதன் மேல் பொருத்தி, சிவப்பு எழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்னத் துளைகள் போட்டோம். தெரியாதவர்களுக்கு அலங்காரம் மாதிரி இருக்கும். சத்தம் கேட்கக் கூடாது என்று சைலன்சரோடு இன்னொரு சைலன்சர். ஆபீஸ் மேசை விசிறி அளவுக்குத்தான் சத்தம் வந்தது.

சித்தப்பா ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கப் போனார். திரும்பி வந்து இறங்கியவர் கதவைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"அண்ணன் ரெண்டாவது கியருக்கு மேல போக மாட்டாருல்ல?"

"மாட்டார் சித்தப்பா."

"அப்ப பூவாட்டம் போகும். மெதுவா மிதிக்கற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. அழுத்தி மிதிச்சா மட்டும்..." என்றவர், அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

இப்போது பெடல் விஷயம். உங்களுக்கு அதுதான் முக்கியம் என்று தெரிகிறது.

வாத்தியார் பக்கத்துப் பெடல்கள் ஒரு கம்பியாலும் கேபிளாலும் ஓட்டுகிறவர் பக்கத்துப் பெடல்களோடு இணைந்திருக்கும். டர்போவிலிருந்து வருகிற தடித்த குழாய் சரியாக அந்த வழியில்தான் வந்தது. இடம் இல்லை. அதனால் சித்தப்பா சாப்பிடப் போயிருந்தபோது கம்பியையும் கேபிளையும் நான் கழற்றிவிட்டேன். இரண்டு நட்டு, ஒரு பின். பட்டறையில் வளர்ந்தவர்களுக்குச் சின்ன வேலை. கழற்றியதும் பெடல்கள் தொங்கின. காலை வைத்தால் தரையோடு போய் ஒட்டின. அப்பாவுக்கு வருத்தமாக இருக்கும் என்று தோன்றியது. நசுங்கிய சீட்டிலிருந்து இரண்டு ஸ்பிரிங் எடுத்து அடியில் வைத்தேன். அழுத்தினால் முன்பைவிட நன்றாகவே எதிர்த்தது.

அப்பா வந்து உட்கார்ந்து முதலில் பெடலைத்தான் மிதித்துப் பார்த்தார்.

"கிச்சுன்னு இருக்கே. புதுசா?"

"ஆமாம்பா."

"சித்தப்பன் வாழ்க்கையில ஒரு வேல உருப்படியா செஞ்சிருக்கான்."

இதில் வேறு ஒரு நன்மையும் இருந்தது. முழங்காலை மடக்கி நீட்டிப் பயிற்சி செய்யும்படி பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தார். ஏதாவது ஸ்பிரிங்கை மிதிப்பது நல்லது என்றுகூடச் சொன்னார். அப்பா வீட்டில் அதைச் செய்யவே மாட்டார். காரில் நாள் முழுக்கச் செய்தார். வீக்கம் குறைந்தது.

பயந்ததுபோல் ஒன்றும் நடக்கவில்லை. நேர்மாறாக எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. பல் டாக்டரம்மா ஒருவர் கற்றுக்கொண்டிருந்தார். அடுத்தவர் வாயில் துளை போடக் கை நடுங்காதவர், ஸ்டியரிங்கில் நடுங்குவார். ஒரு நாள் குறுக்கே நாய் ஓடியது. அப்பா தன் பிரேக்கை ஓங்கி மிதித்தார். கார் நிற்கவில்லை. டாக்டரம்மா அலறிக்கொண்டே தன் பிரேக்கை மிதித்தார். நின்றது. நாய் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

"பாத்தீங்களா டாக்டர்? நான் மட்டும் அழுத்தலன்னா இன்னிக்கு அந்த நாய் இல்ல" என்றார் அப்பா.

"ரொம்ப தேங்க்ஸ் சார். நீங்க பக்கத்துல இருக்கறது எவ்ளோ தைரியமா இருக்கு தெரியுமா."

"அதுக்குத்தானே இருக்கேன்" என்று அப்பா முழங்காலைத் தடவிக்கொண்டார். "ஆபரேஷனுக்கு அப்புறம் இந்தக் கால் இன்னும் ஜோரா வேலை செய்யுது."

ஒரு தையல்காரர் இருந்தார். காலில் தாளம் போட்டுக்கொண்டே இருப்பார். "மெஷின் மிதிக்கற மாதிரி மிதிக்காதீங்க, நான் கிளட்ச்சப் புடிச்சிருக்கேன், நீங்க தைரியமாத் திருப்புங்க" என்று அப்பா அவரிடம் சொல்வார். சொல்லும்போது மொத்தக் காரையும் தொடையில் தாங்கிக்கொண்டிருக்கிற முகம். தையல்காரர் பயத்தில் தானும் கிளட்சைப் பிடித்திருப்பார். அதனால் கார் ஒழுங்காகத் திரும்பும். இறங்கும்போது இரண்டு பேருமே களைத்திருப்பார்கள்.

யாரும் காப்பாற்றாததால் எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். பல் டாக்டரம்மா தேறினார். தையல்காரர் தேறினார். மேட்டில் மெல்ல அழுத்தினாலே கார் ஏறியது. அப்பாவிடம் படித்தவர்கள் மெல்லத்தானே அழுத்துவார்கள். ஸ்கூலுக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது. அப்பா வாசலில் பெரிய எழுத்தில் புது போர்டு வைத்தார்.

அம்மாவும் கற்றுக்கொண்டாள். கொஞ்ச நாளிலேயே அவள் உட்காருகிற விதம் மாறியது.

"ஏங்க, உங்க கால எடுங்க. கிளட்ச்ச நானே பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்கிட்ட மாதிரிதான். இப்ப புடிச்சிட்டிருக்கறது யாருங்கற?"

அம்மா ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, எடுத்து, ஒரு அங்குலம்கூடப் பின்னால் உருளாமல் கிளப்பினாள். அப்பா திருப்தியோடு தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

டெஸ்ட் அன்றைக்கு நடந்தது பரிசோதகரின் புகாரில் இருக்கிறது. அதில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. அதை மட்டும் சொல்கிறேன். அழுத்தச் சொன்னது அவர்தான்.

அம்மா எட்டு போட்டாள். சிக்னல் காட்டினாள். மேட்டில் பாதி ஏறி நிறுத்தினாள். பரிசோதகர் அந்தக் காரைப் பல வருடமாகப் பார்க்கிறவர். அது அந்த இடத்தில் எத்தனை தடவை செத்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஜன்னல் கண்ணாடி இறங்கியிருந்தது. பெஞ்சில் இருந்த எங்களுக்கு அவர் குரல் கேட்டது.

"இப்படிப் பூ மாதிரி மிதிச்சா இந்த டப்பா ஏறாதும்மா. நல்லா அழுத்துங்க. பயப்படாம அழுத்துங்க."

அம்மா மருத்துவமனையில் வேலை பார்க்கிறவள். மேலே இருக்கிறவர் சொன்னால் செய்வாள். அழுத்தினாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. "பாத்தீங்களா, நான் சொல்லல" என்றார் அவர்.

அப்புறம் எல்லாம் நடந்தது.

மேட்டின் உச்சியில் நான்கு சக்கரமும் தரையை விட்டு எழும்பின. என் பக்கத்தில் இருந்த அப்பா காலைத் தூக்கித் தரையில் ஓங்கி மிதித்தார். மிதித்தபடியே இருந்தார். கார் மறுபக்கம் இறங்கியது. நேர் எதிரே டெஸ்டுக்குக் காத்திருந்த ஸ்கூட்டர்கள் வரிசையாக நின்றன. அம்மா அவற்றைப் பார்த்தாள். வலது பக்கம் கேட் திறந்திருந்தது. அவள் இண்டிகேட்டரைப் போட்டாள். இதை நான் என் கண்ணால் பார்த்தேன், மேடம். இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுத்தான் வெளியே போனாள்.

வெளியே பிரதான சாலையில், உங்கள் ஆபீஸ் சுவரை ஒட்டி, நிறுத்தக் கூடாது என்ற சின்னம் இருக்கிறது. அந்தச் சின்னத்தை அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். அவள் நிறுத்தவில்லை. மூன்றாவது கியர் போட்டாள், நான்காவது போட்டாள். பரிசோதகர் அதற்குள் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார். ஷூவின் அடிப்பாகம் கழன்று வந்தது. பெடல் வேலை செய்யவில்லை என்பது அவருக்குத் தோன்றவேயில்லை. கால்தான் வேலை செய்யவில்லை என்று நினைத்திருக்கிறார். "சிஸ்டர், எனக்குக் கால் செத்துப்போச்சு" என்றாராம். அம்மா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "விரல அசைச்சுப் பாருங்க சார். மரத்துப் போயிருக்கா, வலிக்குதா?" என்று கேட்டிருக்கிறாள்.

ரவுண்டானாவைச் சுற்றி, மற்றவர்களுக்கு வழி விட்டு, திரும்பி வந்து, கேட்டுக்குள் நுழைந்து, இரண்டு கூம்புகளுக்கு நடுவே ரிவர்ஸில் நிறுத்தினாள். நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சாவி. எல்லாம் வரிசைப்படி. பரிசோதகர் இறங்காமல் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டார். காலைப் பற்றிய கவலையில் இருந்தார். அவருடைய கால் நன்றாகத்தான் இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் காரைப் பற்றி யோசித்திருக்கிறார்.

அன்றைக்கு வீட்டில் அம்மா கையில் லைசென்ஸை வைத்துக்கொண்டு சமையலறையில் வெகுநேரம் நின்றிருந்தாள்.

"பாப்பா, அஞ்சாவது கியர் எப்பவுமே அங்கதான் இருந்துச்சா?"

"இருந்ததும்மா."

"கல்யாணமானதிலேருந்தா?"

நான் அடுப்பில் பொங்கிய பாலை இறக்கி வைத்தேன்.

அப்பா காரில் போய் உட்கார்ந்துகொண்டார். கையால் பெடலை அழுத்தி அழுத்திப் பார்த்தார். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். வந்து என் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"எப்பலேருந்து இப்படி இருக்கு?"

"இன்னிக்குத்தான்பா. ஓட்டம் அப்படி. கழண்டிருக்கும்."

"அதான பாத்தேன்" என்றார் அப்பா. நிறையவே ஆறுதல் அடைந்தார். "இல்லன்னா இத்தன நாள் எத்தன பேர் செத்திருப்பாங்க."

இவ்வளவுதான், மேடம்.

அம்மாவின் லைசென்ஸ் ரத்தாகாது என்று நீங்கள் சொன்னதற்கு நன்றி. நீங்கள் சொன்ன காரணமும் நியாயமானது. அத்தனை வேகத்திலும் ஒரு விதியைக்கூட மீறாதவளிடமிருந்து எதைச் சொல்லிப் பிடுங்குவது? திங்கட்கிழமை அவள் போய்ச் சேருவாள். நான் வந்த வேலை முடிந்தது. காரை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். எனக்கு என்ன தண்டனையோ அதையும் கொடுங்கள். நான் கிளம்பலாமா?

உட்காருகிறேன்.

சித்தப்பா அப்படியா சொன்னார்? குழாய்க்கும் கம்பிக்கும் நடுவே ஒரு கை போய் வருகிற இடம் விட்டு வைத்தேன் என்றா? சித்தப்பா அளவு விஷயத்தில் பொய் சொல்ல மாட்டார். சரி. இடம் இருந்தது. குழாய் இல்லாமலிருந்தாலும் கழற்றியிருப்பேன். அம்மா கற்றுக்கொள்ள வேறு வழி இல்லை. அப்பாவின் கால் அங்கே இருக்கிறவரை அவள் காலுக்கு வேலையே வராது. இதை அம்மாவுக்காகத்தான் செய்தேன். நாளைக்கு எங்கே கூப்பிட்டுக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

மற்றவர்களா? ஆமாம், பல் டாக்டரம்மா, தையல்காரர், அப்புறம் வந்தவர்கள், எல்லோரும் அந்தப் பெடலோடுதான் கற்றுக்கொண்டார்கள். முதல் நாளிலிருந்தே. அவர்களுடைய லைசென்ஸுக்கும் ஒன்றும் ஆகாதுதானே? அப்பாவிடம் படித்து, உண்மையாகவே தாங்களே ஓட்டித் தேறியவர்கள் அவர்கள் மட்டும்தான். தினமும் காலையில் அம்மாவின் வகுப்பு முடிந்ததும் கம்பியைத் திரும்ப மாட்டியிருக்கலாம். இரண்டு நட்டு, ஒரு பின். மாட்டியிருக்கலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். அப்பாவிடம் மட்டும் இதைச் சொல்ல வேண்டாம்.

என்ன கேட்டீர்கள்? ஆமாம், என் வேலை ஆபீஸில்தான். சின்னங்கள் சொல்லித் தருவது, போன் எடுப்பது. டாக்டரம்மா அலறியதும், நாய் திரும்பிப் பார்த்ததும், தையல்காரரிடம் அப்பா சொன்னதும் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்கள்.

அம்மாவுக்குக் காலையில் ஒரு வகுப்புதான், மேடம். நான் ஆபீஸைப் பூட்டிவிட்டு எல்லா வகுப்புக்கும் போனேன். பின் சீட்டில், நடுவில் உட்காருவேன். அப்பாவின் கால் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.